தைத்திருக்கக் கூடாத கிழிசல்

அவளுக்கு ஊசியக்கா என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது அந்தக் கடைத்தெருவில் யாருக்கும் நினைவில்லை. ஆள் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்ததால் வந்த பெயர் என்பார்கள் சிலர். வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்தும், அதனால்தான் என்பாள் தம்பி மனைவி. அதையும் அவள் காதில் விழும்படிதான் சொல்வாள். உண்மையில் தொழிலால் வந்த பெயர் அது. தெருவில் தையல்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் புதுத்துணி தைப்பவர்கள். கிழிந்ததை எடுத்துக்கொண்டு போனால், 'இதுக்கு ஊசியக்காதான்' என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

தம்பியின் பெயிண்ட் கடைக்குப் பின்பாதியில், ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவள் இடம். ஒரு மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று. எந்தத் துணியிலும் வார்னிஷ் வாசனை லேசாக ஏறிவிடும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் அவள் வேலை அப்படி. துணியின் உள்மடிப்பிலிருந்தே நூல் இழை இழையாக உருவி எடுப்பாள். கிழிந்த இடத்தில் பாவு நூலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நெசவையே திரும்ப நெய்வது மாதிரி ஊசியை ஓட்டுவாள். முடிந்ததும் ஜன்னலோரம் விரித்துப் பிடித்து, "எங்க கிழிஞ்சிருந்துச்சு, காட்டுங்க பாப்போம்" என்பாள். துணிக்குச் சொந்தக்காரர் தடவித் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலுக்காகத்தான் அவள் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

எப்படிக் கிழிந்தது என்று யாரையும் கேட்க மாட்டாள். கேட்கவும் வேண்டியதில்லை. ஆணியில் மாட்டிய கிழிசல் வேறு, சுவர் ஏறிக் குதித்த கிழிசல் வேறு, புருஷன் பெண்டாட்டி சண்டையில் காலரைப் பிடித்து இழுத்த கிழிசல் வேறு. துணியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். துணி சொன்னதை அவள் வெளியே விட மாட்டாள். அதனால் கடைக்காரர்களும் வருவார்கள், நடைபாதையில் விரித்து விற்பவர்களும் வருவார்கள். யாருக்கும் அவள்மேல் சந்தேகம் வந்ததில்லை.

ஒருமுறை கல்யாணமாகிப் போனவள்தான். போன வீடு ஒத்துவரவில்லை. ஒரு பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றபோது, தம்பி ஏன் வந்தாய் என்றோ எத்தனை நாளைக்கு என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் பின்கட்டில் இருந்த பெயிண்ட் டின்களை முன்னால் தூக்கிப் போட்டு, தானே பலகை அறுத்துத் தடுப்பு அடித்துக் கொடுத்தான். அடித்த கையில் சிலாம்பு ஏறி ஒரு வாரம் சீழ் பிடித்துக் கிடந்தது. அதை அவள் மறந்ததே இல்லை. அதற்கு முன்னாலும் அவன் அவள் வளர்த்த பிள்ளைதான். அம்மா ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவாள். இவன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைப்பான். "காத்துல ஜன்னல் அடிச்சுக்கிச்சு" என்று இவள் போய் நிற்பாள். முன்னால் அவள் நிற்க, பின்னால் அவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்றைக்கு அவனுக்கு முன்வழுக்கை. பழக்கம் மட்டும் இருவருக்குமே போகவில்லை.

சண்டை புது நடைபாதையால் வந்தது. நகராட்சி கல் பதித்துக் கொடுத்தது. சிமெண்ட் காய்வதற்குள் அது யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. வாடிக்கையாளர் நடக்கத்தானே போட்டார்கள் என்றது கடைக்காரர் சங்கம். கல் வருவதற்கு முன்னாலிருந்தே நாங்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள் விற்பவர்கள். ஒரு மத்தியானம் வாய்ச்சண்டையில் ஆரம்பித்தது கூடை உருளும் வரை போனது. அப்புறம் யார் கை யார்மேல் என்று தெரியவில்லை. கடைகளின் ஷட்டர்கள் படபடவென்று இறங்கின.

அவள் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு முன்னால் வந்தபோது அவர்கள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. தம்பியின் செருப்பு தெரிந்தது. ஷட்டரை இழுக்கிற நீளக் கம்பியின், நுனியில் கொக்கி வளைத்த கம்பியின், நிழல் தரையில் வேகமாகப் போய் வந்தது. யாரோ 'அம்மா' என்றார்கள். கடைக்கு நேர் எதிரே ஸ்டாண்டு போட்டுச் சாக்ஸ் விற்கிறவரின் குரல் அது. தம்பி டீ குடிக்கப் போனால் கடையைப் பார்த்துக்கொள்கிற மனிதர்.

தம்பி குனிந்து உள்ளே வந்தான். கம்பியை மூலையில் சாத்தினான். தண்ணீர் கேட்டான். டம்ளர் அவன் பல்லில் இடித்தது.

"என்னடா ஆச்சு?"

"தடுக்கி அவன் ஸ்டாண்டு மேலயே விழுந்துட்டான்க்கா."

அவள் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் விசாரித்தவர்களிடம், "பாவம், தடுக்கி விழுந்துட்டாரு" என்று தன் வாயாலேயே சொன்னாள்.

சாக்ஸ்காரரின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போயிற்று. இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசினார்கள். சண்டையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, கூட்டத்தில் தள்ளுமுள்ளு, அவர் விழுந்தது விபத்து என்று முடிவாயிற்று. நடைபாதையில் ஒரு வெள்ளைக்கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் இவர்கள். சண்டை நின்றது. பேச்சும் நின்றது. சாக்ஸ்காரரின் இடத்தில் இப்போது அவர் மனைவி உட்கார்ந்தாள். எதிர்க்கடைக்குள் எட்டிப் பார்க்க மாட்டாள். அப்படியொரு கடை இருப்பதே தெரியாதது போல முதுகைத் திருப்பிக்கொண்டு சாக்ஸ்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த நிலைமையில்தான் ஓவியர் வந்தார். ஓவியர் என்று எல்லோரும் கூப்பிட்டார்களே தவிர, அவர் கையில் பிரஷ்ஷைப் பார்த்தவர்கள் இல்லை. எப்படியும் நம்மிடம்தான் பெயிண்ட் வாங்குவார் என்று தம்பி ஒரு வாரம் காத்திருந்து ஏமாந்தான். சண்டை நடந்த ஊர்களுக்குப் போய் அங்கிருக்கிறவர்களை வைத்தே ஏதாவது செய்து காட்டுவதுதான் அவர் தொழில். ஓர் ஊரில் இரண்டு சாதிக்காரர்களின் வீட்டுக் கதவுகளை அருகருகே நிறுத்தினாராம். இன்னோர் ஊரில் வேலைநிறுத்தத்தில் பிரிந்துபோனவர்களை ஒரே நீள மேஜையில் உட்காரவைத்து, அவர்கள் பேசாமல் இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்தாராம். பேசாமல் இருக்கிற சத்தம் எப்படியிருக்கும் என்று தெருவே சிரித்தது.

இங்கே அவர் கேட்டது துணி. சண்டை அன்றைக்கு அவரவர் போட்டிருந்த உடையைக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் சட்டை ஒன்று, நடைபாதைக்காரர் சட்டை ஒன்று என்று மாற்றி மாற்றி இணைத்து ஒரே பெரிய கூரையாக்கி, சந்தைக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில் தொங்கவிடுவார். எல்லோரும் அதன் கீழே வந்து நிற்க வேண்டும்.

"கிழிஞ்ச துணியைத் தொங்கவிட்டா கலைன்னா, நம்ம மொட்டைமாடிக் கொடி என்ன, மியூசியமா?" என்றான் தம்பி. ஆனாலும் சங்கத் தலைவர் சொன்னதால் அன்றைக்குப் போட்டிருந்த காவிநிற அரைக்கைச் சட்டையைக் கொடுத்தான். அதை இஸ்திரி போட்டுக் கொடுத்ததைப் பார்த்து ஓவியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இணைத்துத் தைக்க இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் ஊசியக்கா. அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பக்கத்து அழுக்கும் நம் கை வழியாகத்தானே போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஓவியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எதையும் துவைக்கக் கூடாது, கிழிசல் எதையும் தொடக் கூடாது. விளிம்போடு விளிம்பு சேர்த்தால் போதும். அவள் சரியென்று தலையாட்டினாள். கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு தைக்காமல் இருப்பது, சமையல்காரியிடம் பசித்தவனை உட்காரவைத்து அடுப்பை மூட்டாதே என்பது மாதிரிதான். இருந்தாலும் தலையாட்டினாள்.

துணிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு காலைநேரத்தில் சாக்ஸ்காரர் மனைவி வெள்ளைக்கோட்டைத் தாண்டி, கடைப்படி ஏறி வந்தாள். தம்பி கல்லாவில் இருந்தான். அவனைப் பார்க்காமல் நேரே பலகைத் தடுப்புக்குள் வந்து ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தாள்.

"அன்னிக்குக் கழட்டினது. துவைக்கலக்கா. அப்படியே வெச்சிருந்தேன்."

"வெச்சுட்டுப் போம்மா. பாத்துக்கறேன்."

அவள் போகவில்லை. பையின் வாயைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் நின்றாள். "விழுந்துட்டாருன்னு பேசி முடிச்சாங்க. எனக்கு நாலு பேர் நடுவுல பேச வராது. இவருக்கு அதுவும் வராது, சரி சரின்னுட்டு வந்துட்டாரு. இது மேல தொங்கட்டும். பாக்கிறவங்க பாத்துக்கட்டும்."

முன்னால் தம்பி ஒரு டின் மூடியைச் சுத்தியலால் தட்டி அடைத்துக்கொண்டிருந்தான். மூடி எப்போதோ அடைந்துவிட்டிருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அவள் போனபிறகு ஊசியக்கா பையைப் பிரித்தாள். நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. வலது தோளில் பழுப்பேறிய ரத்தக்கறை. அதன் நடுவே கிழிசல். அதைப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. விழுந்து தேய்ந்து கிழிந்தால் துணி நைந்து, பத்து இடத்தில் சில்லுச்சில்லாகப் போயிருக்கும். இதில் முதலில் ஒரு துளை. கொக்கி நுழைந்த துளை. அதிலிருந்து கட்டத்தின் கோட்டோடு நேராக ஓர் இழுப்பு. கை இணைந்த தையலில் போய்த் தட்டுப்பட்டு, விடாமல் இழுத்ததால் பக்கவாட்டில் திரும்பிய இன்னோர் இழுப்பு. கம்பியை வீசியவன் மாட்டியதும் விட்டுவிடவில்லை. மாட்டிக்கொண்டது தெரிந்தும் இழுத்திருக்கிறான்.

மத்தியானம் தம்பி சாப்பிடப் போனான். அவள் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இப்படியே தொங்கவிட்டால் விளிம்பு பிரிந்துகொண்டே போகும், கனம் தாங்காது, கூரை முழுக்க இழுபடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்யில்லை. எந்தத் தையல்காரரும் ஒப்புக்கொள்வார். ஈரத்துணியில் சோப்பைத் தொட்டுக் கறையை ஒற்றி எடுத்தாள். கத்தரியால் பிசிறுகளை நறுக்கினாள். உள்மடிப்பிலிருந்து நீல இழை, வெள்ளை இழை என்று தனித்தனியாக உருவினாள். கட்டம் கட்டத்தோடு சேர வேண்டுமே என்று நெருக்கி நெருக்கிப் பின்னினாள். அவ்வளவு நுணுக்கமாக அவள் எந்தப் பணக்காரர் கோட்டுக்கும் செய்ததில்லை.

முடித்து ஜன்னலோரம் விரித்துப் பிடித்தாள். எங்கே கிழிந்திருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வழக்கமான அந்தச் சந்தோஷம் ஒரு கணம் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது. காது சூடாகியது. யாராவது பார்க்கிறார்களா என்று ஆளில்லை என்று நினைத்திருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கொஞ்சநேரம் கழித்து ஒரு டீ வாங்கிவந்து மெஷின்மேல் வைத்தான்.

"சூடா இருக்கு, குடிக்கா."

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கூசியிருக்காது.

நீலச்சட்டையைக் கூரையின் நடுவில், கூட்டத்தோடு கூட்டமாக வைத்துத் தைத்தாள். காவிச்சட்டையைத் தூரத்து மூலையில் சேர்த்தாள். ஓவியரின் ஆட்கள் வந்து சுருட்டிக்கொண்டு போனார்கள். மாடியில் அதை எப்படி மாட்டப் போகிறார் என்று கேட்டதற்கு, திறக்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துவிட்டார் ஓவியர்.

திறப்புநாள் மாலையில் தெருவே மாடி ஏறியது. ஒருகாலத்தில் மூட்டை அடுக்கிய கூடம். சுவரெல்லாம் வெள்ளையடித்து வெறுமையாக இருந்தது. தலைக்கு மேலே துணிக்கூரை மங்கலாகத் தொங்கியது. கடைக்காரர்கள் ஒரு சுவரோரமும் நடைபாதைக்காரர்கள் எதிர்ச் சுவரோரமுமாக நின்றார்கள். கோடு போடாமலே கோடு இருந்தது. ஓவியர் நடுவில் வந்து, இது பஞ்சாயத்து இல்லை, இங்கே யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும் என்றார். பிறகு கூடத்தின் விளக்குகளை அணைத்து, கூரைக்கு மேலே வரிசையாகக் கட்டியிருந்த விளக்குகளைப் போட்டார்.

துணி முழுக்க ஒளி ஏறியது. கிழிசல்கள், பொத்தல்கள் எல்லாம் பளீரென்று திறந்துகொண்டன. தரையிலும் தலைகளிலும் வெளிச்சத் துண்டுகள் விழுந்தன. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், நட்சத்திரம் மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு எங்கள் வீட்டுக் கூரை மாதிரி இருக்கிறது என்று பழக்கூடைக்காரர் சொன்னதும் இரண்டு சுவரிலும் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் எல்லோரும் நடுவில் வந்து அவரவர் துணியைத் தேட ஆரம்பித்தார்கள்.

"இந்த ஓட்டை சண்டையில வந்ததா, முன்னாடியே இருந்ததா?" என்று பாத்திரக்கடைக்காரரின் பனியனைக் காட்டி ஒருவர் கேட்டார்.

"எல்லாம் சேத்துத்தான் கணக்கு" என்றார் அவர். கேட்டவர் நடைபாதைக்காரர். அவர்கள் ஒருவரோடொருவர் பேசி எத்தனையோ மாதங்களாகியிருந்தன.

ஊசியக்கா சிரிக்கவில்லை. விளக்கு போட்ட கணத்திலேயே அவள் பார்த்துவிட்டாள். சுற்றிலும் எல்லாக் கிழிசலும் வெள்ளையாகத் திறந்திருக்க, நீலச்சட்டையின் தோளில் மட்டும் கறுப்பு. இழைமேல் இழையாக அவள் நெருக்கிப் பின்னிய இடம் வெளிச்சத்தை விடவில்லை. ஒரு புள்ளி, நேராக ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு திருப்பம். மை தொட்டு எழுதியதுபோல, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் ஒரு துணியையும் பின்னாலிருந்து விளக்குப் பிடித்துப் பார்த்ததில்லை. பார்க்க என்ன தேவை? போட்டுக்கொண்டு நடக்கிறவனுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வராது. உள்ளே உடம்பு இருக்கும்.

சாக்ஸ்காரரும் மனைவியும் தாமதமாக வந்தார்கள். அவர் சவரம் செய்து, தலையை அழுத்தி வாரியிருந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தபடி இருவரும் மெதுவாக நகர்ந்தார்கள். நீலச்சட்டைக்குக் கீழே வந்ததும் மனைவி நின்றாள். திறந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடினாள். பிறகு கறுப்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கழுத்து வலித்திருக்க வேண்டும், கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். பார்வையை இறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வெளியூர் அம்மாளும் அங்கே வந்துவிட்டார். இது ஒன்று மட்டும் ஏன் மூடியிருக்கிறது என்று ஓவியரை அழைத்துக் கேட்டார். ஓவியர் மேலே பார்த்தார். அவர் முகம் முதலில் சுருங்கியது. ஊசியக்கா நிபந்தனையை மீறியிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நிமிடம் அதே முகம் மெல்ல மலர்ந்தது. அவர் எல்லோரையும் கூப்பிட்டார். இத்தனை கிழிசல்களுக்கு நடுவே ஒரு கை மட்டும் சும்மா இருக்க முடியாமல் ஒன்றைத் தைத்துவிட்டது, நான் வேண்டாமென்று சொல்லியும் தைத்திருக்கிறது, அதுவும் எதிர்ப்பக்கத்து ஆளின் சட்டையை, இந்தக் கூடத்தில் சமாதானம் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தையல்தான் என்றார். அவள் எங்கே என்று தேடிக் கையைக் காட்டினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டியது. தம்பியும் தட்டினான், தரையைப் பார்த்துக்கொண்டு. சாக்ஸ்காரர் மரியாதை தெரிந்த மனிதர். நாலு பேர் தட்டும்போது சும்மா நிற்கக்கூடாது என்று அவரும் தட்டினார். வலது கை எழும்பாததால் அதை இடுப்புக்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டு, இடது கையைக் கொண்டுவந்து அதன்மேல் தட்டினார்.

ஊசியக்காவுக்குத் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நல்லது என்றிருந்தது. தரை சிமெண்ட்டுத் தரை. அப்படியே இருந்தது.

கூட்டம் கலைந்து நகர்ந்ததும் சாக்ஸ்காரர் மனைவி அவளிடம் வந்தாள். கோபமாக வந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் அதிசயப்பட்டவள் மாதிரி வந்தாள்.

"நான் தைக்கக் குடுக்கலயேக்கா."

"தொங்கவிட்டா தாங்காதுன்னு..." என்று ஆரம்பித்தவள் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிறுத்தினாள். "பிரிச்சு விட்டுடறேம்மா. ஏணி இருக்கான்னு கேக்கறேன்."

"பிரிச்சா பழையபடி வந்துடுமா?"

வராது. பிசிறை நறுக்கியாயிற்று, கறையை எடுத்தாயிற்று. பிரித்தால் கத்தரி வெட்டிய ஒரு சாதாரண ஓட்டைதான் கிடைக்கும். யார் வீட்டு எலியோ கடித்ததென்றுகூடச் சொல்லலாம். அதை அவளே சொல்ல வேண்டியிருந்தது. "வேற ஓட்டைதாம்மா வரும். அது போயிடுச்சு."

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"அது விழுந்து கிழிஞ்சதில்ல" என்றாள் ஊசியக்கா. "பாத்ததுமே எனக்குத் தெரியும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கிட்ட வந்து சொல்றீங்களே. கைதட்டினாங்கள்ல, அவங்ககிட்ட சொல்லுங்க."

தம்பி எங்கிருந்தோ பக்கத்தில் வந்து நின்றான். சின்னப்பிள்ளையில் கேட்ட அதே குரலில், "அக்கா, வீட்டுக்குப் போலாம்க்கா" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். முன்வழுக்கையில் வெளிச்சத் துண்டு ஒன்று விழுந்து கிடந்தது. இவன் அடித்த பலகைத் தடுப்பு, இவன் போட்ட சோறு, சீழ் பிடித்த அந்தக் கை. போகலாம் என்றுதான் வாயில் வந்தது. எதிரே அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

ஊசியக்கா ஓவியரிடம் போனாள். அவர் நாலைந்து பேரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவர் சந்தோஷமாக எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அவளுக்கு மேடைப் பேச்சு தெரியாது. தெரிந்தது துணி ஒன்றுதான். அதையே சொன்னாள்.

"விழுந்தா துணி இப்படிக் கிழியாதுங்க. தேஞ்சு கிழியும். இது கொக்கி மாட்டி இழுத்த கிழிசல். மேல பாத்தாலே தெரியும், அந்தக் கறுப்பு எப்படித் திரும்புது பாருங்க. எங்க கடை ஷட்டர் கம்பி. என் தம்பி." செருமிக்கொண்டாள். "நல்லெண்ணத்துல தைக்கல. தெரிஞ்சுதான் தைச்சேன். யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் தைச்சேன். கைதட்டினீங்க. அது எனக்கு வேணாம்."

வெளியூர் அம்மாள் தன் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார். ஓவியர், "அம்மா, இங்க நாம யாரையும்..." என்று தொடங்கிவிட்டு, அவரும் மேலே பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைக்காரர் சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது. அது யாருடைய செருப்பு என்று அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சாக்ஸ்காரர்தான் முதலில் அசைந்தார். அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "நீங்க சொன்னது நீங்க தைச்சதுக்குச் சரியாப்போச்சுக்கா. மத்தது அடிச்சவரோடது, உங்களோடது இல்ல. அதை நீங்க சொல்லி எனக்கு ஆகாது."

மன்னித்தாரா, இல்லை இத்தோடு ஒதுங்கிக்கொள் என்றாரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அதற்குள் அவர் மனைவியிடம் திரும்பி, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, போகலாம் என்றார். மனைவி இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

ஊசியக்கா படியிறங்கினாள். கீழே வாசலில், தெருவிளக்குக்கு அடியில் தம்பி நின்றிருந்தான். போய்விடவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அவள் வந்ததும், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பான் என்று நினைத்தாள். அவன் வேறு கேட்டான்.

"எல்லாரும் போயிட்டாங்களாக்கா?"

"அவங்க ரெண்டு பேரும் மேலதான் இருக்காங்க."

அவன் படிக்கட்டைப் பார்த்தான். ஒரு காலை எடுத்து முதல் படியில் வைத்தான். பிறகு எடுத்துவிட்டான். வா வீட்டுக்கு என்று அவள் சொல்வாள் என்று காத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் சொல்லவில்லை. போ மேலே என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்கிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம். தெருவில் ஒன்றிரண்டு பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் இறங்கிவிட்டிருந்தது.

மேலே பேச்சுக்குரல் குறைந்தது. படியில் கால்சத்தம் கேட்டது. இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம், அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால். தம்பி சட்டென்று நகர்ந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்தான். அவன் மூச்சு அவள் தோளில் பட்டது.

அவள் ஒரு எட்டு எடுத்து ஓரமாக விலகி நின்றாள்.